தாய் அறிவோம், தந்தை அறியோம்: தேனீ வைத்த விதைகள்



இலக்கணமும் காப்பியமும் பேசப்பெற்ற இம்மேடையில், தொட்டியில் வளரும் ஒரு பூச்செடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், ‘இது வேளாண்மைத் துறையார் கூட்டத்தில் பேசவேண்டியதாயிற்றே’ என்றார். ஒரு விதைக்குத் தாய் இன்னதென்று தெரிகிறது. தந்தை இன்னதென்று தெரியவில்லை. அந்நிலையில் அவ்விதையைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பது செடி வளர்ப்போர்க்கு மட்டும் உரிய வினா அன்று. சொல்லை ஆள்வோர்க்கும் உரியது என்று அவருக்கு விடை கூறினேன். அவ்விடையின் விரிவே இவ்வுரை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இந்நாட்டுத் தமிழர்க்குத் ‘தோட்டம்’ என்றால் பால்மரக் காடும் செம்பனைக் காடும் நிறைந்த பெருந்தோட்டம். ‘அவர் தோட்டத்துப் பிள்ளை’ என்று சொன்னால் பூந்தோட்டத்தை யாரும் நினைப்பதில்லை. ஆகவே செமினியில் என் வீட்டின் பின்புறம் இருபது தொட்டிகள் உள்ள இடத்தை ‘வீட்டுத் தோட்டம்’ என்றே குறிப்பேன். பெருந்தோட்டத்தைப் பற்றியும் பிற்பகுதியில் பேச வேண்டியுள்ளது.

பெலர்கோனியம் என்னும் செடியை நீங்கள் கேமரன் மலையில் கண்டிருப்பீர்கள். வட்டமான இலை, இலையின் நடுவே குதிரைக் குளம்பு போன்ற கருமை படர்ந்த வளையம், நீண்ட காம்பின் நுனியில் கொத்தாகச் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளைப் பூக்கள். கடைக்காரர் அதனை ஜெரேனியம் என்று சொல்லி விற்பார். நீலகிரி, ஏற்காடு, கொடைக்கானல் மலைகளில் நறுமண எண்ணெய்க்காகப் பயிராகும் அதன் உறவுச் செடியையும் தமிழ்நாட்டார் ஜெரேனியம் என்றே அழைக்கின்றனர். இப்பெயர்க் குழப்பத்திற்கு இருநூற்று எழுபது ஆண்டு வயது. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் செடிகளுக்கெல்லாம் பெயர் வகுத்தபோது, ஐரோப்பியக் காட்டுச்செடி ஒன்றையும் ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து வந்த இச்செடியையும் ஒரே பேரினத்துள் அடக்கி ஜெரேனியம் என்றார். 1789-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லெரித்தியே இரண்டையும் பிரித்துத் தென்னாப்பிரிக்கச் செடிகளுக்குப் பெலர்கோனியம் என்னும் பெயரை நிலைநிறுத்தினார். அறிஞர்கள் பிரித்துவிட்டனர், சந்தை இன்றுவரை பிரிக்கவில்லை.

இரண்டு பெயர்களும் கிரேக்கப் பறவைப் பெயர்களிலிருந்து பிறந்தவை. முன்னது கொக்கின் இனத்தைச் சேர்ந்த பெரும்பறவை, பின்னது நாரை. இச்செடிகளின் காய் நீண்டு கூர்த்துப் பறவையின் அலகு போல நிற்பதால் அப்பெயர்கள் வந்தன. நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவர் அதன் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை கூறியதை நம் மாணவர்கள் படித்திருப்பார்கள். இச்செடியின் காய் முதிரும்போது உண்மையாகவே பிளக்கிறது. அடியிலிருந்து மேல்நோக்கி ஐந்து கூறாகப் பிரிந்து, ஒவ்வொரு கூறும் ஒரு விதையைத் தாங்கி, பட்டிழை போன்ற மயிர் ஒட்டிய முறுக்குவாலோடு காற்றில் பறக்கிறது. ஈரம் பட்டால் வால் நீள்கிறது, காய்ந்தால் முறுக்கிக்கொள்கிறது. இவ்வாறு நீண்டும் முறுக்கியும் விதையை மண்ணுக்குள் திருகி இறக்குகிறது. கிரேக்கர் பறவையைக் கண்டு பெயரிட்டனர். நம் புலவர் பறவையைக் கண்டு கிழங்கை நினைத்தார். நம் மொழியில் இச்செடிக்குப் பெயர் வைப்பதாயின் ‘நாரையலகு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ஆயினும் வழங்கும் பெயரை விட்டு வழங்காத பெயரை அவையில் திணிப்பது முறையன்று. பெலர்கோனியம் என்றே தொடர்கிறேன்.

இனிப் பூவுக்குள் நுழைவோம். பெலர்கோனியத்தின் பூவில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் சேர்ந்தே உள்ளன. இருந்தும் அப்பூ தன்னைத் தானே கருக்கொள்ளச் செய்துகொள்வது அரிது. காரணம் காலம். பூ விரிந்தவுடன் முதலில் முதிர்வது பூந்தாது. பத்துத் தாதுத்தாள்களுள் தாதுப்பை தாங்குபவை மிகுதியாக ஏழே, ஏனையவை மலடு. தாது உதிர்ந்து தீர்ந்து சில நாள் கழிந்த பின்னரே நடுவில் நிற்கும் சூல்முடி ஐந்து கதிராக விரிந்து, தாதுவை ஏற்கும் பக்குவம் அடைகிறது. முன்பாதி வாழ்வில் ஆண், பின்பாதி வாழ்வில் பெண். ஆகவே இப்பூவின் தாது வேறொரு முதிர்ந்த பூவுக்குச் செல்லவேண்டும். இப்பூவின் சூலுக்கு வேறொரு இளம்பூவின் தாது வரவேண்டும். கொண்டுசெல்பவர் யார்? தென்னாப்பிரிக்காவின் மலைச்சரிவுகளில், உடலினும் நீண்ட உறிஞ்சுகுழல் படைத்த ஈக்கள் இப்பணியைச் செய்கின்றன. தேன் இருப்பது பூக்காம்போடு ஒட்டிப் பிணைந்த ஒரு நுண்குழாயின் அடியில்; அவ்வளவு ஆழத்திற்கு எட்ட அத்தகைய நீள்குழல் வேண்டும். அந்த ஈக்கள் இல்லாத பிற நாட்டு வீட்டுத் தோட்டங்களில் தேனீக்களே வந்து போகின்றன. சில வகைகளில் குழாயின் ஆழத்தை அவை எட்டமாட்டா. எனினும் தாது திரட்ட வரும் தேனீயின் வயிற்றிலும் காலிலும் ஒட்டியது அடுத்த பூவின் சூல்முடியில் பட்டுவிடுகிறது.

இந்தக் கால ஏற்பாட்டை உலகுக்கு முதலில் விளக்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை இந்த அவையில் சொல்லாமல் போக மனமில்லை. ஜெர்மனியின் ஸ்பாண்டாவ் நகரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த கிறிஸ்தியன் கொன்ராட் ஸ்பிரெங்கல், 1787-ஆம் ஆண்டுக் கோடையில் காட்டு ஜெரேனியப் பூ ஒன்றின் இதழ் அடியில் நுண்மயிர்கள் இருப்பதைக் கண்டார். எதற்காக என்று வினவினார். தேன்துளியை மழைநீர் கெடுக்காமல் காக்க. அத்தேனைப் பூச்சிக்காக வைத்துக் காக்க என்று விடை கண்டார். ஒரு மயிரில் தொடங்கிய அவ்வினா அவரை நூற்றுக்கணக்கான பூக்களிடம் கொண்டுசென்றது. 1793-இல் நூலாக வெளியிட்டார். பூவில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு காலத்தில் முதிர்தலையும், பூச்சிகளே தாதுவைச் சுமந்து செல்வதையும் அந்நூல் விளக்கியது. அக்காலத்தார் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு அவர் பள்ளிப் பதவியையும் இழந்தார். அரை நூற்றாண்டு கழிந்து டார்வின் அந்நூலைப் படித்துப் போற்றிய பின்னரே அவர் பெயர் மீண்டது. நம் புலவர்கள் வண்டையும் தாதையும் எத்தனையோ இடங்களில் இணைத்துப் பாடியிருக்கிறார்கள். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டே தும்பியை விளித்துத் தொடங்குவது. ஆனால் வண்டு தாது உண்பதைப் பாடுவது வேறு. வண்டால்தான் விதை உண்டாகிறது என்று நிறுவுவது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதும் நமக்கு முன்பே தெரியும் என்று பெருமை பேசுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சரி, தேனீ வந்து போயிற்று, காய் பிடித்தது. கேமரன் மலைக் குளிரில் தொட்டிச்செடி வளர்ப்போர் அதனை என்ன செய்யவேண்டும்? அலகு பழுத்துப் பழுப்பு நிறம் கொண்டு, அடியில் பிளவு தோன்றும் நாளில் எடுக்கவேண்டும். ஒருநாள் தாமதித்தால் காற்று எடுத்துக்கொள்ளும். முறுக்குவாலைக் கிள்ளிவிட்டு, விதையின் கடினமான மேல்தோலை மணல்தாளில் மெல்லத் தேய்க்கவேண்டும். தேய்க்காத விதையுள் நீர் புகாது. மணலும் மட்கும் கலந்த கலவையில் விதை மறையும் அளவு மட்டும் மூடி, இருபதுக்குச் சற்று மேற்பட்ட பாகை வெப்பத்தில் வைத்தால் ஓரிரு வாரத்தில் முளைக்கும். நான்கைந்து திங்களில் முதற்பூ. குச்சி ஊன்றி வளர்த்த செடி தாயின் அச்சாகவே பூக்கும். விதைச்செடி என்ன நிறத்தில் பூக்கும் என்பது பூத்த பின்னரே தெரியும். அந்த நான்கு மாதக் காத்திருப்பை விரும்புவோரே விதையிட வேண்டும்.

இவ்விடத்தில் பலர் ஒரு தவறான முடிவுக்குத் தாவுகின்றனர். சிவப்புப் பூச்செடியின் விதையிலிருந்து இளஞ்சிவப்புப் பூ வந்தால், ‘பக்கத்து வீட்டு வெள்ளைச் செடியின் தாது வந்துவிட்டது’ என்று சொல்லிவிடுவார்கள். அப்படி இருக்கலாம், இருக்க வேண்டும் என்பதில்லை. இன்று தொட்டிகளில் வளர்பவை இரண்டு நூற்றாண்டுகளாகக் கலந்து கலந்து வந்தவை. ஒரே செடிக்குள் பல மூதாதையரின் கூறுகள் மறைந்து கிடக்கின்றன. அதே செடியின் வேறொரு பூவிலிருந்து வந்த தாதுவாலேயே தாயைப் போலாத பிள்ளைகள் பிறக்கும். ஆகவே தாயைப் போல் இல்லை என்பதைச் சான்றாக வைத்துத் தந்தை அயலார் என்று தீர்ப்பு எழுதலாகாது. ஒரே காயின் ஐந்து விதைகளுக்கும் தந்தை ஒருவரே என்றும் சொல்லமுடியாது. தேனீயின் உடலில் பல பூக்களின் தாது கலந்தே இருக்கும். அளவையியல் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இச்செடி அறிவியலுக்குச் செய்த பேருதவி ஒன்று உண்டு. இலையோரம் வெண்மையாக உள்ள பெலர்கோனிய வகையை நீங்கள் பார்த்திருக்கலாம். இலையின் பச்சைக்குக் காரணமான நுண்பொருளைப் பசுங்கணிகம் என்கிறோம். வெண்பகுதியில் அது பழுதுற்றது. 1909-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் எர்வின் பவுர், பச்சைச் செடியையும் இத்தகைய வெள்ளைக் கிளையையும் கைம்முறையால் கலந்து விதைத்தார். பச்சைச் செடியைத் தாயாக வைத்தாலும் வெள்ளையைத் தாயாக வைத்தாலும், பிள்ளைகளுள் சில பச்சையாகவும் சில வெண்மையாகவும் சில இரண்டும் கலந்த திட்டுகளாகவும் முளைத்தன. தாயின் கணிகமும் தந்தையின் கணிகமும் சூலுக்குள் சேர்ந்தே வருகின்றன, பின்னர் வளரும் உயிரணுக்களில் பிரிந்துபோகின்றன என்று அவர் கண்டார். அதே ஆண்டில் கொரென்ஸ் என்பவர் நம் முற்றத்து அந்திமந்தாரையில் இதே ஆய்வைச் செய்தார். அங்கே இலைநிறம் முழுவதும் தாய்வழியே வந்தது; தந்தைக்கு அதில் பங்கே இல்லை. மெண்டல் விதிக்குள் அடங்காத மரபு ஒன்று உண்டென்று இவ்விரு பூச்செடிகளும் சேர்ந்து காட்டின. பெரும்பாலான பூக்கும் செடிகள் அந்திமந்தாரையின் வழியே செல்கின்றன, பெலர்கோனியம் விதிவிலக்கு. இதை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

இப்போது நம் மண்ணுக்கு அருகில் வருவோம். வீட்டுத் தோட்டத்தில், வண்டின் செயலோ மனிதக் கையின் செயலோ என்று நெடுங்காலம் வழக்காடப்பட்ட ஒரு விதை தென்கிழக்கு ஆசியாவிலேயே உண்டு. அது பெலர்கோனியம் அன்று, ஆர்க்கிட்.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் வாழ்ந்த அர்மீனிய வணிகர் குடும்பத்துப் பெண்மணி ஆக்னஸ் ஜோகிம். 1893-ஆம் ஆண்டில் அவர் தம் தோட்டத்தில் பூத்த புதிய ஆர்க்கிட் ஒன்றைச் சிங்கப்பூர்ப் பூமலை இயக்குநர் ரிட்லியிடம் கொண்டு சென்றார். ரிட்லி அதனை அவ்வாண்டே இலண்டன் தோட்டக்கலை இதழ் ஒன்றில் விவரித்து, ‘வாண்டா மிஸ் ஜோகிம்’ என்று பெயரிட்டார். அதன் பெற்றோர் இரண்டு. ஒன்று பர்மா, வடகிழக்கு இந்தியா ஆகிய பகுதிகளுக்குரிய வாண்டா டெரெஸ். மற்றொன்று நம் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கின் சதுப்புகளில் செறிந்து வளர்ந்ததால் ‘கிந்தாக் களை’ என்றே பெயர் பெற்ற வாண்டா ஹூக்கேரியானா. நம்மவர் களை என்று ஒதுக்கியது ஒரு நாட்டின் தேசிய மலருக்குப் பெற்றோராயிற்று! 1981 ஏப்ரலில் சிங்கப்பூர் இதனைத் தன் தேசிய மலராக அறிவித்தது. 1899-இல் மலர்க்காட்சியில் பரிசு பெற்ற சில திங்களிலேயே, நாற்பத்தைந்தாம் வயதில், ஆக்னஸ் இறந்துவிட்டார்.

ரிட்லியின் குறிப்பு, அப்பெண்மணி இரு செடிகளையும் கலப்பதில் வெற்றி கண்டார் என்ற பொருள்படவே எழுதப்பட்டது. எது தாய், எது தந்தை என்ற குறிப்பு வைக்கப்படவில்லை என்றும் அவர் எழுதினார். அந்த ஒரு குறைபாட்டின் வழியே ஐயம் நுழைந்தது. பிற்காலத்தில், மூங்கிற் புதரருகே தானாக முளைத்திருந்ததை அவர் கண்டெடுத்தார் என்ற கதை பரவியது. இவ்வகை ஆர்க்கிடுகளுக்குத் தச்சன் கருவண்டு வந்து தாது மாற்றுவது உண்மை. அதனால் இது வண்டு தந்த கலப்பே என்று உயிரியல் அறிஞர்கள் சிலர் நூலெழுதி வாதிட்டனர். மறுபுறம், ரிட்லியின் சொல்லைத் திரிக்க இடமில்லை என்று வரலாற்றாசிரியர் நாடியா ரைட் முதலானோர் எதிர்வாதம் வைத்தனர். 2016-ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரின் அரசு நிறுவனங்கள் ஆக்னஸையே அக்கலப்பை உருவாக்கியவராக ஏற்று அறிவித்தன.

தாய் எது என்ற வினாவுக்கு இடையில் விடை கிடைத்துவிட்டது. பசுங்கணிக மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், 2011-இல், வாண்டா டெரெஸ் தாய் என்று கண்டனர். எனவே கிந்தாக் களை தந்தை. ஆர்க்கிடில் கணிகம் தாய்வழி வருவதால் அது இயன்றது. பெலர்கோனியமாக இருந்திருந்தால், தாயும் தந்தையும் கணிகம் தருவதால், இவ்வழியில் இத்தனை எளிதாகத் தீர்ப்புக் கிடைத்திராது. ஆனால் இந்த ஆய்வு எதைக் காட்டியது என்பதில் கவனம் வேண்டும். எது தாய் என்று காட்டிற்றே ஒழிய, தாதுவைச் சூல்முடியில் வைத்தது வண்டின் காலா, பெண்ணின் விரலா என்று எந்த மரபணுவும் காட்டாது. அதற்குச் சான்று ஒருவர் எழுதிவைத்த சொல் மட்டுமே.

இந்த வழக்கில் என் சாய்வை மறைக்க விரும்பவில்லை. ஒரு பெண், அதிலும் பட்டம் பெறாத வீட்டுத் தோட்டக்காரி, ஒன்றைச் செய்தாள் என்று எழுதியிருந்தால் அதை நம்புவதற்குச் சான்று கேட்கிறோம். வண்டு செய்தது என்பதற்குச் சான்று கேட்பதில்லை. ‘தற்செயல்’ என்னும் சொல் அடக்கமான சொல் போலத் தோன்றும். அது பிறர் உழைப்பை அழிக்கவும் வல்லது. ஆர்க்கிட் விதை தூசியினும் நுண்ணியது. பூஞ்சையின் துணையின்றி இயற்கையில் முளைக்காது. பூஞ்சையின்றிக் கண்ணாடிக் குடுவையில் முளைக்கவைக்கும் வழியை நட்சன் கண்டது 1922-இல். அதற்கு முப்பதாண்டுக்கு முன் அத்தகைய விதையிலிருந்து ஒரு செடி பூக்கும் வரை வளர்ந்தது என்றால், அத்தோட்டத்தில் கண்ணும் கையும் அயராத ஒருவர் இருந்திருக்கிறார்.

ரிட்லி என்ற பெயர் உங்களுள் பலர்க்கு வேறொரு காரணத்தால் தெரியும். மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் சீவும் முறையை வகுத்து, ரப்பரை நடுங்கள் நடுங்கள் என்று மலாயாத் துரைமாரை விடாது வற்புறுத்தியவர் அவர். அந்த ரப்பர்தான் நம் முன்னோரை இங்கே கொணர்ந்தது. அந்த ரப்பரும் தொடக்கத்தில் தந்தை தெரியாத விதையே. ஒரு மரம் மிகுதியாகப் பால் தரும், அதன் விதையில் முளைத்த அடுத்த மரம் சொட்டும் தராது. இங்கிருந்து நெடுந்தொலைவு இல்லாத பிராங் புசார் தோட்டத்தில் இதற்கு ஓர் அழகிய தீர்வு கண்டார்கள். முதல் உலகப் போரிலிருந்து மீண்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தோட்டம் அது. ‘பெரும்போர்’ என்பதே அம்மலாய்ப் பெயரின் பொருள். நல்ல மரங்களைத் தேர்ந்து, ஒட்டுக்கட்டிப் பெருக்கி, அயல்தாது எட்டாத தனியிடத்தில் அவற்றை மட்டும் சேர்த்து நட்டனர். ரப்பர்ப் பூவுக்கு வருபவை தேனீக்கள் அல்ல, கண்ணுக்கு எளிதில் புலப்படாத கொசுவினச் சிற்றுயிர்கள். அவை எங்கே பறந்து எதில் அமர்ந்தாலும் தாயும் நல்ல மரம், தந்தையும் நல்ல மரம். பூச்சியை ஏவவில்லை, அது தேர்ந்தெடுக்கும் வட்டத்தை மட்டும் சுருக்கினார்கள். ‘தனிப்படுத்திய தோட்ட விதை’ என்று அது மலாயா முழுதும் மதிப்புடன் வழங்கிற்று. அந்நிலத்தின் மேல்தான் இன்றைய புத்ராஜெயா எழுந்து நிற்கிறது. அங்கு வாழ்ந்த தோட்டக் குடும்பங்கள் டெங்கிலுக்குப் பெயர்க்கப்பட்டன. கட்டடங்களின் பெயர்ப்பலகையில் இவ்வரலாறு இல்லை.

செம்பனைக்கு நடந்தது இன்னும் வியப்பு. 1917-இல் கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தென்னமராம் தோட்டத்தில் வணிகப் பயிராக அது தொடங்கியபோது, அதன் தாது காற்றில் பரவும் என்றே கருதினர். நம் நாட்டில் காய் சரியாகப் பிடிக்காத இடங்களில் தொழிலாளரே தாது தூவினர். ஆண்பூக் கதிரிலிருந்து தாது சேர்த்து, முகப்பூச்சுத் தூள் போன்ற மாவில் கலந்து, ஊதுகருவியால் ஒவ்வொரு பெண்பூக் குலைமீதும் ஊதவேண்டும். குலை தாதுவை ஏற்கும் பக்குவம் சில நாளே நிற்கும். ஆகவே சிலநாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு மரமாகச் சுற்றிவரவேண்டும். அவ்வேலை செய்தவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர். இந்த அவையிலுள்ள மாணவர்களின் பாட்டிமார் சிலர் அதைச் செய்திருக்கக்கூடும். 1981-இல், கேமரூன் நாட்டிலிருந்து கொணர்ந்த சின்னஞ்சிறு மூக்குவண்டு ஒன்றை ஜொகூரில் விடுவித்தனர். மேற்காப்பிரிக்காவில் அதுவே தாதுவைச் சுமக்கிறது என்று கண்டறிந்திருந்தனர். வண்டு பல்கிப் பெருகியது. கையால் தாது தூவும் வேலை நின்றது. சிங்கப்பூரில் மனிதக் கையின் செயலை வண்டுக்குரியது என்றனர். இங்கே வண்டுக்குரிய வேலையை மனிதக் கைகள் ஆண்டுக்கணக்காகச் செய்தன. அக்கைகளுக்கு உரியவர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. மாணவர்களே, உங்கள் பாட்டியிடம் இன்றிரவே கேளுங்கள். அந்த ஊதுகருவிக்கு அவர்கள் என்ன பெயர் சொன்னார்கள், தாதுவை எப்படிச் சேர்த்து வைத்தார்கள், ஒருநாளைக்கு எத்தனை மரம் என்று கேட்டு எழுதுங்கள். நம் கலைச்சொல் அகராதிகளில் இல்லாத சொற்கள் அவர்களிடம் இருக்கும்.

கலைச்சொல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பூச்சி தன் விருப்பம்போல் தாது சேர்த்து விளைந்த விதையைப் பாடநூல்கள் ‘திறந்தநிலை மகரந்தச் சேர்க்கை விதை’ என்கின்றன. ஏழாம் வகுப்புப் பிள்ளை இதை மூச்சுவிடாமல் சொல்லிப் பழகலாம்; பொருள் விளங்காது. எது திறந்திருக்கிறது? கதவா? ‘தேனீ வைத்த விதை’ என்றால் விளங்கும். ஆனால் வைத்தது தேனீதானா என்று தெரியாதபோது அச்சொல்லும் மிகை. ‘தாய் அறிந்த விதை’ என்பது எனக்குப் பிடித்த சொல். தெரிந்ததைச் சொல்கிறது, தெரியாததைப் பற்றி வாய் திறப்பதில்லை. மன்றத்தின் கலைச்சொல் குழு இதனை ஆராயட்டும்.

இறுதியாக, செய்துபார்க்க விரும்பும் பள்ளிகளுக்கு. பெலர்கோனியம் செமினியின் வெப்பத்திற்கும் விடாமழைக்கும் ஏற்ற செடி அன்று. கேமரன் மலையிலிருந்து வாங்கிவந்தவை பெரும்பாலும் சில திங்களில் வேரழுகி மடிகின்றன. அதன் இடத்தில் காசித்தும்பையைப் பரிந்துரைக்கிறேன். அதுவும் முதலில் ஆண், பின்னர் பெண். தாதுப்பைகள் ஒன்றாக ஒட்டிக் குல்லாய் போலச் சூல்முடியை மூடியிருக்கும். குல்லாய் கழன்று விழுந்த பின்னரே சூல்முடி வெளிப்படும். இந்த மாற்றத்தைப் பிள்ளைகள் வெறுங்கண்ணால் பார்க்கலாம். அடுக்கிதழ்ப் பூ வேண்டாம், ஒற்றையிதழ்ப் பூவே நன்று. வெள்ளைச் செடி நான்கும் சிவப்புச் செடி நான்கும் அருகருகே வையுங்கள். வெள்ளைச் செடி ஒன்றில் சில பூக்களை, மொட்டாய் இருக்கும்போதே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடுங்கள். ஏனையவற்றைத் திறந்து விடுங்கள். காலை வேளையில் யார் வருகிறார்கள் என்று ஒரு வாரம் எழுதுங்கள்: மலைத்தேனீயா, கொம்புத்தேனீயா, கெலுலூட் என்னும் கொடுக்கிலாத் தேனீயா, கருவண்டா, எறும்பா. காய் பருத்துக் கைபட்டால் வெடிக்கும் நிலைக்குச் சற்று முன்பே பறித்துத் தாள் உறையில் இடுங்கள். உறையின்மேல் மூன்று வரி எழுதவேண்டும். தாய்: வெள்ளை, எத்தனையாம் செடி. பூ: மூடியது அல்லது திறந்தது. மூன்றாம் வரியில் ‘தந்தை’ என்று எழுதி எதிரே இடத்தை வெறுமையாய் விடுங்கள். இரண்டு திங்களில் பிள்ளைச்செடிகள் பூக்கும். அப்போதும் அவ்விடத்தை நிரப்புவதற்கு முன் எப்படித் தெரியும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய பூ ஒன்றும் காய்க்கவில்லை என்றால் ஒரு முடிவு, காய்த்தால் வேறொரு முடிவு.

வாயில் அருகே மேசையில் ஒற்றையிதழ்க் காசித்தும்பை விதை நாற்பது பொட்டலம் வைத்திருக்கிறேன். பள்ளிக்கு ஒன்று வீதம் ஆசிரியர்கள் எடுத்துச் செல்லலாம். அவற்றின் மேலும் மூன்றாம் வரி வெறுமையாகவே உள்ளது.